மஞ்சள் குல்லாய், பச்சைக் குல்லாய்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளின் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரின் காலடியில். நம்ம ஆள் அந்த இரண்டாவது பிரேக்குக்குச் சொந்தக்காரர். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. சினிமாவில் ஒரு கார் வேகமாக வந்தால் போதும், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்கு ஓர் உதை விழும். முடிவெட்டும் கடையில் கத்தி காதருகே வந்தால் தரையில் 'டப்' என்று ஒரு மிதி. இவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்தான்.

முதல் நாள் வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "பயப்படாதீங்க. வண்டி உங்க கையில. ஆனா பிரேக்கு என் காலடியில இருக்கு."

இப்படி ஊருக்கெல்லாம் நிதானம் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்குத்தான் அவசரக்குடுக்கைகளாக இரண்டு மகள்கள் வந்து பிறந்தார்கள். மாசம் நிறைய இன்னும் எவ்வளவோ இருந்தது. தொட்டில் வாங்கவில்லை, அறைக்குச் சாயம் அடிக்கவில்லை, மனைவி வேலைக்கு லீவுகூடச் சொல்லவில்லை. அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களை ஒரு பார்வையிலேயே திறக்க வைப்பவள். அன்று ஒரு நோயாளிக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "டாக்டர், எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்து, இரட்டைக் குழந்தைகள் ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டார்கள்.

குறைமாசக் குழந்தைகளின் அறைக்குள் நுழைவதென்றால் லேசுப்பட்ட காரியமா? மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்ற வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த முடிச்சு பிரேக் மாஸ்டருக்கு ஒருநாளும் எட்டியதில்லை. பெரிய சிஸ்டர்தான் "திரும்புங்கப்பா" என்று ஒரு பிள்ளைக்குக் கட்டுவதுபோலக் கட்டிவிடுவார். அங்கே வருகிற ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'அப்பா', பெண்கள் எல்லோரும் 'அம்மா'. பெயரெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

முதல் நாளே மானம் போயிற்று. பெட்டிக்குள் இருந்தது குழந்தையா, குழந்தை மாதிரி யாரோ செய்து பழகிப் பார்த்ததா என்று அவர் மலைத்து நிற்கும்போது மானிட்டர் 'டிங் டிங்' என்று கத்தியது. வலது கால் தன் வேலையைச் செய்தது. காலடியில் இருந்ததோ மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டி. மூடி படாரென்று எழும்பிச் சுவரில் மோதி விழ, அந்தச் சத்தத்தில் பக்கத்துப் பெட்டிக் குழந்தை திடுக்கிட்டு அதன் மானிட்டர் கத்த, கால் மறுபடி மிதிக்க, மூடி மறுபடி எழும்ப, அறையே ரகளையாகிவிட்டது.

"அப்பா," என்றார் பெரிய சிஸ்டர், குரலைக்கூட உயர்த்தாமல். "அது குப்பைத்தொட்டி. கார் இல்ல."

"தெரியும் சிஸ்டர். என் காலுக்குத்தான் தெரியல."

அன்றைக்குத்தான் டாக்டரம்மா வந்து நின்று விஷயத்தைச் சொன்னார். "பெரியவ பரவாயில்ல, சமாளிச்சுக்கறா. சின்னவதான் கொஞ்சம்... மூச்சு விடறதை அப்பப்ப மறந்துடறா. இப்போதைக்கு எதுவும் சொல்றதுக்கில்ல."

எதுவும் சொல்வதற்கில்லை என்றால் என்ன சொல்கிறார்கள் என்பது குழந்தைக்குக்கூடப் புரியும். பெரியவள் என்பதே பேருக்குத்தான், இரண்டும் கையகலம்தான். மூக்கில் ஒரே மாதிரிக் குழாய், கன்னத்தில் ஒரே மாதிரிப் பிளாஸ்திரி. அதில் ஒன்றைப் பற்றி இப்படிச் சொன்னால் பெற்றவன் எங்கே போய் நிற்பான்?

பெரியவள் பக்கம் போய் நின்றான். அதுதான் உண்மை. ஒளிப்பானேன்?

அவர் அதை அப்படி ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். பெரியவளின் பெட்டி ஜன்னலோரம் இருக்கிறது, வெளிச்சம் நல்லா இருக்கிறது, நாற்காலி போட இடமிருக்கிறது, சின்னவள் பக்கம் சிஸ்டர்கள் வேலை செய்கிற இடம், நாம் நின்றால் அவர்களுக்கு இடைஞ்சல் என்று தனக்குத்தானே ஆயிரம் சப்பைக்கட்டு கட்டினார். அந்தப் பக்கம் பார்வை போனால்கூட கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டது. ரொம்பப் பாசம் வைத்துவிட்டு, நாளைக்கு ஒன்று என்றால் தாங்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்குள் அவருடைய அக்கா, பின்னல் ஊசியும் கையுமாகவே பொழுதைக் கழிப்பவள், இரண்டு குல்லாய் பின்னி அனுப்பினாள். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. ஆரஞ்சுப் பழத்துக்கு மாட்டினால் சரியாக இருக்கும், அவ்வளவு சின்னது. பெரியவளுக்கு மஞ்சள், சின்னவளுக்குப் பச்சை என்று மாஸ்டரே சொல்லி மாட்டச் செய்தார். அப்புறம் அவருக்கு மகள்களை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லாமல் போயிற்று. ரோட்டில் இருக்கிற போர்டு ஒன்றுவிடாமல் படிக்கிற மனுஷன், பெட்டியின் கால்மாட்டில் எண் போட்டுத் தொங்கிய அட்டையை மட்டும் ஒருநாள்கூடப் படிக்கவில்லை. மஞ்சள் என்றால் பெரியவள். முடிந்தது.

உறவுக்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வராந்தாவில் நின்றபடி மாஸ்டரின் போனில் படம் பார்க்க வேண்டியதுதான். அக்காவும், மனைவியின் அண்ணனும் தினம் வந்துவிடுவார்கள். மச்சான் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்பவர். எதைப் பார்த்தாலும் அதன் உள்ளே என்ன கோளாறு என்று யோசிக்கிற ஆள்.

"மஞ்சக் குல்லா அப்படியே நம்ம ஜாடைடா தம்பி," என்றாள் அக்கா. "மூக்கப் பாரேன்."

"மூக்கு எங்க தெரியுது? குழாய்தானே தெரியுது?" என்றார் மச்சான். "நெத்தியப் பாருங்க. எங்க வீட்டு நெத்தி."

"உங்க வீட்டு நெத்தி குல்லாவுக்குள்ள இருக்கு."

"இருந்தாலும் தெரியுதில்ல?"

மஞ்சள் குல்லாய்க்கு இப்படி இரண்டு வீட்டிலும் வாரிசுச் சண்டை. பச்சைக் குல்லாயை யாரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அந்தப் படத்தை மட்டும் இருவரும் சட்டென்று தள்ளிவிட்டு, "நல்லா ஆயிடுவா, நல்லா ஆயிடுவா" என்று எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். பயந்தவர் மாஸ்டர் ஒருவர்தானா என்ன?

மனைவி மேல்மாடி வார்டில் இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் கண்டுவிட்டது. காய்ச்சல் உள்ள அம்மாக்களைக் குழந்தைகள் அறைக்குள் விட மாட்டார்கள். தாய்ப்பாலை மட்டும் கறந்து அனுப்பலாம். சின்னச் சீசாவில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாலை மாஸ்டர் இரண்டு கையாலும் பொத்தி, படியிறங்கி, எதிரே வருகிறவர்களையெல்லாம் 'ஓரம், ஓரம்' என்று ஒதுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் யாரும் சிரித்துவிடுவார்கள். சிந்திவிட்டால் மறுபடி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அவள் படுக்கையிலேயே விசாரணைக் கமிஷன் வைத்திருந்தாள். எப்போது போனாலும் கையில் ஆவி பறக்கும் வெந்நீர் டம்ளர். கக்கத்தில் தெர்மாமீட்டர்.

"இன்னும் விடலங்க, பாருங்க," என்று தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டுவாள். உடனே, "சின்னவ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா."

"நல்லான்னா?"

"நல்லான்னா... நல்லா. நிதானமா இருக்கா."

"அவ என்ன லாரியா, நிதானமா இருக்க? முழிச்சுப் பார்த்தாளா? கை கால் ஆட்டினாளா?"

மாஸ்டர் மென்று விழுங்குவார். பிறகு பெரியவளிடம் பார்த்ததில் பாதியை எடுத்துச் சின்னவள் கணக்கில் போட்டுக் கதை விடுவார். அவள் டம்ளரைப் பிடித்தபடி அவரையே பார்ப்பாள். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை அது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அறையில் பெட்டிகளைக் கழுவுகிற நாள் வந்தது. அவ்வப்போது குழந்தைகளைச் சுத்தமான பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, பழையவற்றைக் கழுவப் போடுவார்கள். அன்று சிஸ்டரின் மேசையும் ஜன்னல் பக்கம் நகர்ந்தது. கண்ணெதிரே இருக்கட்டும் என்று சின்னவளும் ஜன்னலோரத்துக்கு வந்தாள், பெரியவள் உள்பக்கம் போனாள். துவைத்துக் காய்ந்து வந்த குல்லாய்களில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டினார்கள். சின்னவள் தலையில் மஞ்சள் ஏறியது. பெரியவள் தலையில் பச்சை ஏறியது. அவர்களுக்குக் கால் பட்டையில் எண் இருக்கிறது, பெட்டியில் அட்டை இருக்கிறது, குல்லாயின் நிறம் யாருக்கு வேண்டும்?

மறுநாள் நம்ம மாஸ்டர் வந்தார். கை கழுவினார். முடிச்சுக்குத் திரும்பி நின்றார். நேராக ஜன்னலோரம் போய், மஞ்சள் குல்லாயைப் பார்த்து, "என்ன பெரியவளே" என்று உட்கார்ந்தார்.

இவளுக்குப் பயப்பட என்ன இருக்கிறது? டாக்டரே சமாளிக்கிறாள் என்று சொல்லிவிட்ட பெண்ணாயிற்றே. பெட்டியின் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கையை விட்டு, நீட்டிய விரலை அவள் பிடித்துக்கொள்ள விட்டார். தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

"இத பாரு கண்ணு. முதல்ல சீட்ட சரி பண்ணிக்கணும். அப்புறம் கண்ணாடி. எப்பவும் ரோட்டப் பாரு, மீட்டரப் பாக்காத. மீட்டரையே பாத்துட்டிருந்தா முன்னால போறவன் மேல ஏத்திடுவ."

மானிட்டர் கத்தியது. கால் மிதித்தது. ஆனால் மூடி எழும்பவில்லை, பெரிய சிஸ்டர் எப்போதோ தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டார்.

"மறந்துட்டா," என்றார் சிஸ்டர் அந்தப் பக்கம் வேறு ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றிக்கொண்டே. "குதிகாலை லேசா சுண்டி விடுங்கப்பா. நீங்களே செய்யலாம்."

பெரியவளா மறக்கிறாள்? மாஸ்டருக்கு ஒரு கணம் திக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்தது. நன்றாக ஓட்டுகிற பிள்ளைகள்தான் சிக்னலில் பராக்குப் பார்த்து வண்டியை அணைத்துவிடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். கொஞ்சமும் கை நடுங்காமல் அந்தக் குதிகாலைத் தட்டினார்.

"ஆஃப் ஆயிடுச்சா? பரவாயில்ல. எல்லாருக்கும் ஆஃப் ஆகும். பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். நிதானமா மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

சின்ன நெஞ்சு ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. ஸ்டார்ட் ஆயிற்று.

"அப்படித்தான்."

அதற்குப் பிறகு அவர் பெட்டியை விட்டு நகரவே இல்லை. காலையில் கிளச், மத்தியானம் கியர், சாயங்காலம் மேட்டில் நிறுத்தி எடுப்பது. நடுநடுவே அவள் அணைவாள், இவர் தட்டுவார், திட்டமாட்டார், அவள் கிளம்புவாள். பெரிய சிஸ்டர் ஒருநாள், "உங்க குரல் கேட்டா இவ மறக்கறது குறையுதுப்பா" என்று சொன்னபோது மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் முள்ளாய்க் குத்தியது. நல்லா இருக்கிற இவளே இத்தனை தடவை மறந்தால், அந்தப் பச்சைக் குல்லாய் என்ன பாடுபடுகிறாளோ? போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தவர், இரண்டடி வைத்து, குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவர் மாதிரி திரும்பி வந்துவிட்டார்.

வராந்தாவில் மஞ்சள் குல்லாயின் புதுப் படங்களுக்கு ஏகப்பட்ட வரவேற்பு. "பாத்தியா, நாளுக்கு நாள் எங்க வீட்டு முகம் வருது," என்றாள் அக்கா. "காது எங்களுது," என்றார் மச்சான், விட்டுக்கொடுக்காமல்.

அன்று பால் வாங்க மேலே போன மாஸ்டர் வாய் ஓயாமல் பேசினார்.

"பெரியவ இருக்காளே, என் விரலை விடவே மாட்டேங்கறா. இன்னைக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தா. அப்படியே உன் காலு. பெருவிரலை விட ரெண்டாவது விரல் நீளம்."

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தக் காலு?"

"ரெண்டும்தான். எனக்கு ஒரே சந்தோஷம். உன்னைய உரிச்சு வச்ச காலு."

"அது சின்னவ."

"பெரியவதாம்மா. மஞ்சக் குல்லா."

"குல்லாவ விடுங்க. பொறந்ததும் ஒவ்வொண்ணா என் முகத்துகிட்ட காட்டிட்டு ஓடினாங்க. ரெண்டாவதா வந்தவளோட காலுதான் முதல்ல என் கண்ணுல பட்டுச்சு. என் விரலு. பெரியவளுக்கு உங்க விரல், பலகை மாதிரி. நான் பார்த்தேன்."

"ஆபரேஷன் மயக்கத்துல..."

"மயக்கம் இடுப்புக்குக் கீழதாங்க. கண்ணுல இல்ல."

அவள் சீசாவை அவர் கையில் வைத்து, "போய் கால் பட்டையப் பாருங்க. என்கிட்ட வந்து சொல்லுங்க" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

எப்படிப் படியிறங்கினார், பாலை எப்படிச் சிந்தாமல் கொண்டுபோனார் என்பது அவருக்கே தெரியாது. முடிச்சுப் போடாத அங்கி பின்னால் பறக்கப் பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"சிஸ்டர், மஞ்சக் குல்லா யாரு?"

"யாருன்னா? உங்க சின்ன பொண்ணு." சிஸ்டர் துணியை விலக்கி, கணுக்காலில் இருந்த பட்டையைக் காட்டினார். "பெட்டி மாத்தின நாள்லேர்ந்து இங்கதான் இருக்கா. தினம் நீங்கதானே பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் இவள பெரியவன்னு நெனச்சுட்டிருந்தேன் சிஸ்டர்."

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷ வேலையில் எவ்வளவோ அப்பாக்களைப் பார்த்தவர்தான். அழுகிறவர், சண்டைக்கு வருகிறவர், மயங்கி விழுகிறவர். தப்பான பெண்ணுக்கு வகுப்பெடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மாஸ்டருக்குச் சிரிக்க வரவில்லை. யாரைத் தாங்க முடியாது என்று ஓடி ஒளிந்தாரோ அவள் விரலைத்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவை அவள் மூச்சு நின்றபோதும், 'பராக்குப் பார்க்கிறாள்' என்று சிரித்துக்கொண்டே தட்டியிருக்கிறார். பாசம் வைக்கக் கூடாது என்று போட்ட திட்டம் என்ன ஆயிற்று? வைத்தாயிற்று. இனி எடுக்க முடியாது.

முதலில் பச்சைக் குல்லாயிடம் போனார். கால் விரல் பலகை மாதிரி இருந்தது.

"நீதான் பெரியவளா?" என்றார். "தப்பா எடுத்துக்காதம்மா. உன் அப்பன் ஒரு முட்டாள்."

பெரியவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள், கொட்டாவி விட்டாள், மூடிக்கொண்டாள். இத்தனை நாள் இவர் வராததால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று நன்றாகவே தெரிந்தது.

"அப்பா, இங்க வாங்க," என்று கூப்பிட்டார் சிஸ்டர். "அம்மாவுக்குக் காய்ச்சல்னு பாத்துட்டே இருந்தா முடியாது. இன்னைக்கு நீங்க சட்டையக் கழட்டி, சின்னவள நெஞ்சு மேல போட்டுக்கங்க. உடம்போட உடம்பு ஒட்டியிருந்தா மூச்சு சீராகும். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நானா? பெரியவளப் போட்டுக்கறேனே சிஸ்டர்."

"சின்னவள."

"எனக்கு நெஞ்செல்லாம் முடி."

"அவளுக்குப் பிடிச்சுக்க வசதி. உட்காருங்க."

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். குழாயும் ஒயருமாக அவளைத் தூக்கி அவர் நெஞ்சில் கவிழ்த்தார், மேலே ஒரு துணியைப் போர்த்தினார். கனமே இல்லை. பையில் போட்டுக்கொண்டு மறந்துபோகிற சாமானின் கனம். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று வரை தைரியமாகத் தட்டிய விரல் இன்று அவளைத் தொடவே தயங்கியது. கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்கவே முடியவில்லை.

சிஸ்டர் வந்தார், ஒரு துண்டை எடுத்து மானிட்டரின் மேல் போட்டார். "சத்தம் வந்தா எனக்குக் கேக்கும். நீங்க இவளப் பாருங்க." அவர் போய்விட்டார்.

ரோட்டைப் பார், மீட்டரைப் பார்க்காதே. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்ன வசனம். மாஸ்டர் குனிந்து மஞ்சள் குல்லாயைப் பார்த்தார். துணிக்கடியில் சின்னச் சூடு, ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. ஏறியது.

இறங்கியது, மறுபடி ஏறவில்லை.

மானிட்டர் இன்னும் கத்தவில்லை. அதற்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிட்டது, இவர் நெஞ்சின் மேலேயே நடந்ததால். சிஸ்டரைக் கூப்பிட வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, அந்தக் குல்லாயிடமே சொன்னார். குரல் உடைந்துதான் வந்தது.

"ஆஃப் ஆயிடுச்சும்மா. பரவாயில்ல. அப்பா இருக்கேன். ஸ்டார்ட் பண்ணு."

விரலால் குதிகாலைத் தொட்டார். அந்த நீள விரல் சுருங்கி விரிந்தது. ஒரு மூச்சு, சண்டை போட்டு உள்ளே போய், அவர் நெஞ்சு முடியில் வெளியே வந்தது. மானிட்டருக்கு வேலையே வரவில்லை. பிரேக் மாஸ்டர் உட்கார்ந்தபடியே அழுதார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் மனைவி. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த மச்சானை வாசலோடு நிறுத்திவிட்டு, பெரிய சிஸ்டரே அவளை உள்ளே தள்ளிவந்து மாஸ்டரின் பக்கத்தில் விட்டார். கை கழுவி, அங்கி மாட்டி, முடிச்சுக்கூட ஒழுங்காக இருந்தது.

"நீ எப்படி வந்த? காய்ச்சல்?"

அவள் துணியின் ஓரத்தைத் தூக்கிக் கால் விரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பயந்துதானே இவ பக்கம் போகாம இருந்தீங்க?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா."

"எனக்குக் காய்ச்சல் விட்டு நாலஞ்சு நாளாச்சுங்க. இப்பதான் வார்டு சிஸ்டர்கிட்ட ஒத்துக்கிட்டு வந்தேன்."

"தெர்மாமீட்டர் காட்டினியே?"

"சிஸ்டர் அடுத்த பெட்டுக்குத் திரும்பறப்ப வெந்நீர் டம்ளர்ல வச்சு எடுப்பேன். ஒருநாள் ரொம்ப நேரம் வச்சுட்டேன். அதுல ஏறின காய்ச்சலுக்கு நான் உயிரோட இருந்திருக்கவே கூடாது. வார்டு சிஸ்டர் மிஷின் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டு வேற கொடுத்தாங்க." அவள் சிரிக்கவில்லை. "வந்து பார்த்துட்டு, அப்புறம் இவ போயிட்டான்னா? பார்க்காமலே இருந்துட்டா தாங்கிக்கலாம்னு தோணுச்சு. நீங்களாவது பக்கத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன். கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு பார்த்தேன்."

அதற்கு மேல் மாஸ்டரால் அடக்க முடியவில்லை. அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. அவர் சிரிக்க, நெஞ்சின் மேல் இருந்தவள் குலுங்க, மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. "சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியையே ஆட்டிவைக்கிறவள் ஒரு டம்ளர் வெந்நீருக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறாள். இவர் ஒரு குல்லாய்க்குப் பின்னால். நல்ல ஜோடிதான்.

வாசல் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. செய்தி அதற்குள் வராந்தாவுக்குப் போய்விட்டது. "நான் அப்பவே சொன்னேன், சின்னவதான் நம்ம ஜாடைன்னு," என்று அக்காவின் குரல் கேட்டது. "நான் காதுன்னு சொன்னப்பவே சின்னவளத்தான் சொன்னேன்," என்றார் மச்சான்.

"அம்மா, நீங்க வாங்கிக்கங்க," என்றார் பெரிய சிஸ்டர், சின்னவளின் ஒயர்களைச் சரிசெய்துகொண்டே.

மனைவியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பெரியவள வாங்கிக்கறேனே."

சிஸ்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட ஞாபகம் இரண்டு பேருக்கும் வந்தது.

சிஸ்டர் தூக்கிக்கொடுக்க, மஞ்சள் குல்லாய் அம்மாவின் நெஞ்சில் வந்து படுத்தது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண் நேராக மானிட்டரை மூடியிருந்த துண்டுக்குப் போயிற்று.

"நின்னுட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டாள். "இவ தேறிடுவாளா?"

"டாக்டரம்மா இன்னும் எதுவும் சொல்லல," என்றார் மாஸ்டர். பொய் சொல்லத் தோன்றவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தார். "நின்னா, எனக்குத் தெரியும் என்ன பண்ணணும்னு. துண்ட ஏன் பாக்கற? அவளப் பாரு. பயப்படாத. வண்டி உன் கையில. பிரேக்கு என் காலடியில இருக்கு."

நிஜமாகவே இருந்தது. நாற்காலியை இழுத்த இழுப்பில் அவர் கால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சின்னவள் ஒருமுறை நீளமாக மூச்சை இழுத்தாள், மாஸ்டரின் கால் தன்னால் மிதித்தது, மூடி மெல்லத் திறந்தது. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்தார், தொட்டியை நகர்த்தாமலே பெரியவளுக்குப் பால் கொடுக்கப் போனார்.